நிழல் விழும் தோட்டத்தில் ஸ்ட்ராபெரி: இலை தளதள, பழம் மட்டும் இல்லை

தாழ்வாரம் (கேள்வி):
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் ஒரு பக்கம் மதில், இன்னொரு பக்கம் பெரிய மரம். காலையில் கொஞ்சம் வெயில் விழும், மதியத்துக்கு மேல் முழுக்க நிழல். 8 ஸ்ட்ராபெரி நாற்று தரையில் நட்டு 3 மாதம் ஆகிறது. இலை தளதளவென்று இருக்கிறது, ரன்னர் (நுனியில் புது நாற்று விட்டுத் தரையில் படரும் கொடி) நாலாபக்கமும் ஓடுகிறது. பூ மொத்தமே ஐந்தாறுதான். பிடித்த 2 காயில் ஒன்று கோணல்மாணல், இன்னொன்று பழுக்கும் முன்பே சாம்பல் பூத்து அழுகிவிட்டது. வாரம் ஒருமுறை தழைச்சத்து உரம், தினமும் மாலையில் தண்ணீர். இந்த இடத்தில் ஸ்ட்ராபெரி வருமா, இல்லை பிடுங்கிப் போட்டுவிட்டுக் கீரை விதைத்துவிடலாமா?

வேர்முடிச்சு:
கீரைக்கு அவசரம் வேண்டாம். முதலில் "கொஞ்சம் வெயில்" என்றால் எத்தனை மணி நேரம் என்று அளந்து பாருங்கள். மேகம் இல்லாத ஒரு நாளில், மணிக்கு ஒருமுறை, செடி நிற்கும் இடத்தில் வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து ஓரடி உயரத்தில் கையைக் காட்டுங்கள். விரல் விரலாக நிழல் விழுந்தால் அது நேர் வெயில். ஓரம் மங்கிய நிழல் என்றால் இலைகளுக்கு இடையே வடிகட்டி வரும் வெளிச்சம். அந்த ஒரு மணி நேரத்தை அரை மணி என்று கணக்கில் வையுங்கள். நிழலே விழாத நேரத்தைச் சேர்க்காதீர்கள்.

6 முதல் 8 மணி நேரம் கிடைத்தால் முழு விளைச்சல். 4, 5 மணி நேரத்திலும் காய்க்கும், ஆனால் பழம் குறைவாக, சிறிதாக, புளிப்புத் தூக்கலாக வரும். 3 மணி நேரத்துக்குக் கீழே என்றால் பெரிய பழ ரகத்தோடு மல்லுக்கட்டுவது வீண். சூரியன் போகும் பாதை பருவத்துக்குப் பருவம் மாறுவதால், செடி பூக்க வேண்டிய பருவத்தில் அளப்பதுதான் கணக்கு.

உங்கள் செடியிலேயே இன்னொரு அளவுகோல் இருக்கிறது. இலைக்காம்பு நீண்டு மெலிந்து, இலை அகலமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் வெளிச்சம் போதவில்லை. காம்பு குட்டையாக, செடி அடக்கமாக உட்கார்ந்திருந்தால் வெளிச்சத்தில் குறையில்லை, கோளாறு வேறு எங்கோ.

உரத்தை இன்றோடு நிறுத்துங்கள். நிழலில் நிற்கும் செடிக்கு வாரம் ஒருமுறை தழைச்சத்து கொடுத்தால் அது இலையாகவும் ரன்னராகவும்தான் போகும். அந்தக் கொழுத்த இலையில் பூஞ்சையும் சுலபமாக ஏறும். பூமொட்டு தெரிந்த பிறகு சல்பேட் ஆஃப் பொட்டாஷ் என்ற சாம்பல்சத்து உரம், லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், 15 நாளுக்கு ஒருமுறை வேரில் ஊற்றினால் போதும். மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டாம், அதில் இருக்கும் குளோரைடு ஸ்ட்ராபெரிக்கு ஆகாது. சாம்பலை அள்ளிப் போடும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், மண்ணின் பி.எச். (அமில, கார அளவு) 5.5 முதல் 6.5க்குள் இருக்க வேண்டும், சாம்பல் அதை மேலே ஏற்றிவிடும்.

ரன்னர்களைத் தாய்ச்செடிக்கு ஒட்டினாற்போல் கத்தரியுங்கள். வாரம் ஒருமுறை பார்த்தால்தான் சமாளிக்க முடியும்.

ஈரமண்:
வெயிலைப் பற்றி மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனா நிழல்ல ஸ்ட்ராபெரியைக் கொல்றது பெரும்பாலும் இருட்டு இல்லீங்க, ஈரம். அந்த மாலைத் தண்ணீரைத்தான் முதல்ல நிறுத்தணும். ராத்திரி முழுக்க இலையும் பூவும் நனைஞ்சு கிடந்தா சாம்பல் பூஞ்சைக்கு விருந்து வெச்ச மாதிரி. காலையில, இலை மேல படாம, வேர்ப்பக்கம் மட்டும் ஊத்துங்க. அதுவும் தினமும் இல்ல; விரலை 3 செ.மீ. விட்டுப் பார்த்து காய்ஞ்சிருந்தா மட்டும்.

அந்தப் பூஞ்சை பழத்துல தெரிஞ்சாலும், பெரும்பாலும் பூவுல இருக்கும்போதே உள்ளே போயிருக்கும். காய் பழுக்குற வரைக்கும் சத்தமில்லாம உட்கார்ந்திருந்து, அப்புறம்தான் சாம்பல் நிறத்துல பொங்கும். அதனால பழத்தைப் பார்த்துட்டு மருந்து தேடுறது லேட்டு. காய்ஞ்ச இலை, காயோட ஒட்டிக்கிட்டிருக்கிற வாடின இதழ், அழுகின பழம் எல்லாத்தையும் உலர்ந்த நேரமாப் பார்த்து எடுத்து ஒரு பையில போட்டுக் கட்டுங்க. உரக்குழியில போடாதீங்க.

நட்ட ஆழத்தையும் பார்த்துடுங்க. இலையெல்லாம் கிளம்புற கட்டையான நடுப்பகுதி, அதான் கிரவுன், மண்மட்டத்துக்குச் சமமா இருக்கணும். மண்ணுக்குள்ள புதைஞ்சிருந்தா நிழல் ஈரத்துல குருத்து அழுகும். மேலே தூக்கி நின்னா வேர் காயும். இடைவெளி வெயில்ல 30 செ.மீ. போதும், நிழல்ல 40 முதல் 45 செ.மீ. விடுங்க, காத்து ஓடணும்.

கோணல் பழத்தைத் தூக்கிப் போடலைன்னா எடுத்து ஒட்டிப்போன பக்கத்தை நல்லா உத்துப் பாருங்க. மேலே விதை மாதிரி இருக்கே, அது ஒவ்வொண்ணும் ஒரு தனிக் கனி. ஒவ்வொண்ணுக்கும் மகரந்தம் சேர்ந்தாத்தான் அதுக்கு அடியில இருக்கிற சதை உப்பும். அந்தப் பக்கம் விதையெல்லாம் பொடிப்பொடியா இருந்தா மகரந்தம் சேரலைன்னு அர்த்தம். விதை நல்ல பருமனா இருந்தும் சதை மட்டும் சுருங்கிக் கிடந்தா சாறுறிஞ்சும் பூச்சி கடிச்சிருக்கு.

நிழலுக்குத் தேனீ குறைவாத்தான் வரும். பூ விரிஞ்ச முதல் 3 நாள், பனி உலர்ந்த பிறகு முற்பகல்ல, மெல்லிய ஓவியத் தூரிகையால வெளிவட்டத்து மஞ்சளைத் தொட்டு நடுவுல இருக்கிற பச்சைக் குமிழ் முழுக்க சுத்திச் சுத்தித் தடவுங்க. ஒரு பக்கம் மட்டும் தடவினா மறுபடியும் கோணல்தான்.

மூடாக்கு போடச் சொல்வாங்க. வைக்கோல் பழத்தை மண்ணுல படாமக் காப்பாத்தும், சரிதான். ஆனா நிழல்ல அதே வைக்கோலுக்கு அடியில ஓடில்லாத நத்தை குடித்தனம் பண்ணும். காய் பிடிச்ச பிறகு குலைக்குக் கீழ மட்டும் கொஞ்சம் வெச்சு, அறுவடை முடிஞ்சதும் அள்ளிடுங்க.

சிறுபழம்:
3 மணி நேரத்துக்குக் கீழே என்றாலும் ஸ்ட்ராபெரியையே கைவிட வேண்டியதில்லை. பெரிய பழ ரகம் வேண்டாம், அவ்வளவுதான். அது 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இரண்டு அமெரிக்க இனங்கள் கலந்து உருவானது. அந்த இரண்டில் ஒன்றான சிலோயென்சிஸ் திறந்த கடற்கரை மணலில் வளர்வது. அதை மரத்தடியில் வைத்துவிட்டுக் காய்க்கவில்லை என்று வருந்திப் பயனில்லை. வெஸ்கா என்ற ஆல்பைன் ஸ்ட்ராபெரி காட்டோரத்துச் செடி, அரைநிழலுக்குப் பழகியது. அலெக்சாண்ட்ரியா, ரூகன், மஞ்சள் பழம் வேண்டுமென்றால் எல்லோ வொண்டர். இவை ரன்னர் விடாது, பெரும்பாலும் விதையில்தான் பெருக்குவார்கள்.

விதையை 2 முதல் 4 வாரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, ஈரக் கலவையின் மேலே தூவி அழுத்தினால் போதும். மண் போட்டு மூடாதீர்கள், முளைக்க வெளிச்சம் வேண்டும். முளைவிட 2 முதல் 4 வாரம் பிடிக்கும். பலர் மூன்றாவது வாரத்தில் பொறுமையிழந்து கொட்டிவிடுகிறார்கள்.

பழம் விரல் நுனி அளவுதான், மணம் மட்டும் பிரமாதம். ஒரு கைப்பிடி சேர 15 செடியாவது வேண்டும். பறித்த அன்றே தின்றுவிட வேண்டும், மறுநாள் கூழாகிவிடும். இதுவும் கடும் வெக்கையைத் தாங்காது, கும்மிருட்டிலும் காய்க்காது.

தாழ்வாரம்:
அளந்துவிட்டேன். தரையில் மூன்றரை மணி நேரம். மதிலின் மேல்மட்டத்தில் 5 மணி நேரம் விழுகிறது. நாற்றின் அட்டையில் சாண்ட்லர் என்று இருக்கிறது. பின்கதவு விளக்கு இரவு முழுக்க எரியும், அந்த வெளிச்சம் செடிக்குக் கொஞ்சமாவது உதவுமா?

வேர்முடிச்சு:
உதவாது, உபத்திரவம்தான். சாண்ட்லர் குறும்பகல் ரகம்; இரவு நீளமாக இருந்தால்தான் மொட்டு கட்டும். விளக்கு மங்கலாக இருந்தாலும் செடி அதைப் பகல் என்று எடுத்துக்கொண்டு ரன்னர் விடும். குளிர் அதிகமான இடத்தில் இது அவ்வளவாகத் தெரியாது, வெதுவெதுப்பில் நன்றாகத் தெரியும். விளக்கை அணையுங்கள் அல்லது வெளிச்சம் செடிமேல் படாமல் மறையுங்கள். ஆல்பியான் போன்ற பகல்நடுநிலை (பகலின் நீளத்தைப் பார்க்காமல் பூக்கும்) ரகத்துக்கு இந்தத் தொல்லை குறைவு.

செடிகளைத் தொட்டிக்கு மாற்றி மதில்மேல் ஏற்றுங்கள். மரவேரோடு சண்டையும் தீரும். செடிக்கு ஒரு தொட்டி: 20 முதல் 25 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம், அடியில் தாராளமாக ஓட்டை. 2 பங்கு தோட்டமண், 1 பங்கு மக்கிய கம்போஸ்ட், 1 பங்கு கோகோபீட் (தென்னை நார்த்தூள்). கோகோபீட்டை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து சேருங்கள். உப்பு மிச்சம் இருந்தால் இலை ஓரம் கருகும். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை இருந்த மண்ணை எடுக்காதீர்கள், வேர் வழியாக வாடல் நோய் தொற்றும். பெயர்க்கும்போது பழைய இலைகளைக் கிள்ளி 3 இளம் இலையை மட்டும் விடுங்கள். அடுத்த 4 வாரம் வரும் பூவையும் கிள்ளுங்கள்.

தொட்டி உயரத்தில் காற்று அடிக்கும், தரையைவிடச் சீக்கிரம் காயும். அதனால் தண்ணீரை மட்டும் தினமும் சோதித்தாக வேண்டும்.

ஈரமண்:
மதில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சு வெள்ளையா வெச்சீங்கன்னா திரும்பி வர்ற வெளிச்சம் தரையில இருக்கிற செடிக்கும் கொஞ்சம் சேரும். அப்புறம், பறிக்கிறதுல அவசரப்படாதீங்க. காம்புப்பக்கம் வெள்ளையா இருக்கும்போது பறிச்சா வீட்டுக்குள்ள வெச்சு நிறம் வேணும்னா ஏறும், இனிப்பு ஏறாது. நிழல்ல அந்த வெள்ளை மறைய இன்னும் ரெண்டு மூணு நாள் கூடுதலா ஆகும், அது வரைக்கும் செடியிலயே விடுங்க.