நிறுத்திய காடியில் பேட்டரி இறங்குவது: 'பாராசிட்டிக் டிரா'வுக்கு ஒரு சொல் (பேசுபவர்கள் மலேசிய ஊர்ப் பெயர்களால் குறிக்கப்படுகிறார்கள்)

சுங்கை சிப்புட், பயிற்றுநர்:
அனைவருக்கும் வணக்கம். வார இறுதி வாகன மின்னியல் வகுப்பின் தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் பாடங்கள் முடிந்தன. சாவியை எடுத்த பிறகும் காடி பேட்டரியிலிருந்து கரண்டு எடுத்துக்கொண்டே இருக்கிறதே, அதற்குத்தான் சொல் அமையவில்லை. இப்போதைக்கு 'ஒட்டுண்ணி மின்னோட்டம்' என்று போட்டிருக்கிறேன். படிக்கப்போவது தோட்டத்துப் பிள்ளைகள், படிவம் ஐந்து முடித்தவர்கள். பட்டறையில் நின்று வாய்விட்டுச் சொல்லும்படி இருக்க வேண்டும்.

கூலிம்:
'மின்கசிவு' இருக்கிறதே ஐயா. தீப்பிடித்த செய்தியில் எல்லாம் வருகிறது, எல்லாருக்கும் புரியும். புதிதாக ஒன்று எதற்கு?

தெலுக் இந்தான், காடி வயரிங்:
அண்ணே, கசிவு வேண்டாம். போகக்கூடாத வழியில் போவதுதான் கசிவு. பேட்டரி மூடியில் ஆசிட் ஈரமும் தூசியும் படிந்தால் இரண்டு முனைக்கும் நடுவே அந்த அழுக்கு வழியாகவே கரண்டு ஓடும். மீட்டரின் கறுப்பு முனையை நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையால் மூடியின் பிளாஸ்டிக்கைத் தடவினால் வோல்ட் காட்டும். அதுதான் உண்மையான கசிவு. சோடா மாவு கரைத்த நீரை, மூடித் துளைக்குள் இறங்காமல் பார்த்து, துடைத்தால் போய்விடும்.

நாம் பேசுவதில் வயர், பியூஸ் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். அணைய வேண்டியது அணையாமல் இழுக்கும். காடியின் பின்பக்கச் சாமான் அறையில் அணையாமல் எரியும் 5 வாட் பல்பு ஒன்று போதும்: 0.4 ஆம்பியர், நாளைக்கு 10 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றாம் நாள் ஸ்டார்ட்டரை 'டக் டக்' என்று அடிக்க மட்டும் வைக்கும். மின்கசிவு என்று எழுதினால் பையன் தோல் உரிந்த வயரைத் தேடிக் காடிக்கு அடியில் படுத்திருப்பான்.

ஈப்போ, தமிழாசிரியர்:
குறள் 478-ஐப் பாருங்கள். வருவாய் வழி 'ஆகாறு', செலவு வழி 'போகாறு'. ஆல்டர்னேட்டர் 13.8 முதல் 14.5 வோல்ட்டில் ஏற்றுவது ஆகாறு. நிறுத்திய பின் இறங்குவது போகாறு. ஆறு என்றால் வழி, ஆகவே சர்க்யூட்டுக்கும் இயல்பாகப் பொருந்துகிறது. அதே குறளில் 'இட்டிது' என்றால் சிறியது. 'இட்டிடை' என்பதிலும் அதே வேர். பச்சை பூத்த முனையில் கரண்டுக்கு வழி குறுகுவதை 'இட்டிமை' எனலாம். ஒரே குறளில் ஒரு சொற்குடும்பமே கிடைக்கிறது.

கூலிம்:
ஆசிரியர் ஐயா, குறளை அறிந்தவருக்கு இது இனிக்கும். பொருள் விளக்க ஒரு பத்தி தேவைப்படும் சொல்லைப் பட்டறைச் சுவரில் எழுத முடியாது.

சுங்கை சிப்புட், பயிற்றுநர்:
பட்டறையில் 'கரண்டு இழுக்குது' என்றுதான் சொல்கிறோம். 'மின்னிழுப்பு' என்றால் என்ன?

ஈப்போ, தமிழாசிரியர்:
தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும், புணர்ச்சியில் குறையில்லை. ஆனால் இழுப்பு என்றால் மூச்சிரைப்பு, வலிப்பு என்றே காதில் விழும். ஒட்டி உண்பதுதான் கருத்தென்றால் 'மின்னுண்ணி' என்போம். மாட்டில் உண்ணி பார்க்காத தோட்டத்துப் பிள்ளை உண்டா?

தெலுக் இந்தான், காடி வயரிங்:
மின்னுண்ணி நல்ல சொல்தான், ஆனால் அது இழுக்கும் பொருளுக்குப் பெயர். நாம் மீட்டரில் அளப்பது இழுக்கும் அளவை. இன்னொன்று, எல்லா இழுப்பும் குற்றமில்லை. கடிகாரம், ரேடியோ நினைவு, அலாரம், இஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 20, 30 மில்லிஆம்பியர் எடுக்கவே செய்யும். 50 வரை விடலாம். அதையும் உண்ணி என்றால் பையன் அலாரத்தைப் பிடுங்கி எறிவான். அதனால் 'ஓய்வு மின்னிழுப்பு' என்று வைத்து, 50-க்கு மேல் போனால் 'மிகை' சேர்ப்போம். பாடத்தில் போட்டுப் பார்த்தேன்:

"பேட்டரியை முழுதாக ஏற்றவும். பானெட்டைத் திறந்து வைத்து, திறந்திருக்கும் கதவின் பூட்டை ஸ்குரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளவும். சாவியைத் தள்ளி வைக்கவும். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகவும். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, சிவப்பைக் கேபிளிலும் கறுப்பைப் பேட்டரி முனையிலும் பிடிக்கவும். முதலில் பல ஆம்பியர் காட்டலாம்; கம்ப்யூட்டர்கள் உறங்க அரை மணி நேரம், சில காடிகளில் ஒரு மணி நேரம் ஆகும். அதன்பின் நிற்கும் எண்ணே ஓய்வு மின்னிழுப்பு. மீட்டர் இணைந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யக் கூடாது. மீட்டரின் பியூஸ் எரியும்."

பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தேடுவதையும் மாற்றி எழுதுங்கள். திரும்பச் செருகும்போது உறங்கிய கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும், மீண்டும் அரை மணி நேரம் போகும். பியூஸின் முதுகில் தெரியும் இரண்டு புள்ளிகளில் மில்லிவோல்ட் வைத்துப் பார்த்தால் போதும். 0.0 என்றால் அந்த வழியில் கரண்டு இல்லை.

கூலிம்:
'ஓய்வு' என்றால் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதுபோல் இருக்கிறது. 'உறக்க மின்னிழுப்பு'?

சுங்கை சிப்புட், பயிற்றுநர்:
பழைய சாகா, கஞ்சில் காடிகளில் உறங்க ஒன்றுமில்லை அண்ணே. நிறுத்தியதும் எண் நின்றுவிடும். ஓய்வு இரண்டு வகைக்கும் பொருந்தும். நேரமும் இல்லை. 'ஓய்வு மின்னிழுப்பு' அச்சுக்குப் போகட்டும். இழுக்கும் பொருளுக்கு, அதாவது பின்னால் பூட்டிய டேஷ்கேம், ஒட்டிக்கொண்ட ரிலே, சாவி வழி போகாமல் பேட்டரியிலேயே நேராகக் கட்டிய ஆம்பிளிஃபயர் போன்றவற்றுக்கு, ஆசிரியரின் 'மின்னுண்ணி'.

கூலிம்:
அப்படியானால் ஆல்டர்னேட்டர் டயோடு? கெட்டுப்போனால் எதிர்த்திசையில் கரண்டை விடுகிறது. போகக்கூடாத வழியில் போவதுதான் கசிவு என்றது தெலுக் இந்தான்தானே. ஆனால் அதுவும் இதே மீட்டரில் இதே எண்ணாகத்தான் தெரியும்.

தெலுக் இந்தான், காடி வயரிங்:
அது கசிவுதான், மறுக்கவில்லை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த கேபிளை அவிழ்த்து மறைத்துக்கட்டி மீண்டும் அளக்கவும். எண் விழுந்தால் டயோடு. பியூஸ் பெட்டியில் எவ்வளவு தேடினாலும் இது பெரும்பாலும் அகப்படாது.

ஈப்போ, தமிழாசிரியர்:
கசிவு இழுப்புக்குள் அடங்குமா, வெளியே நிற்குமா என்பதை முடிக்காமல் அச்சுக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. 'போகாறு' இரண்டையும் அடக்கும்.

சுங்கை சிப்புட், பயிற்றுநர்:
டயோடு பத்தியில் 'கசிவு' என்றே விட்டிருக்கிறேன் ஐயா. அடுத்த பதிப்புக்கு முன் பேசுவோம்.