கன்கஷனுக்குப் (தலையில் அடிபட்டு மூளை அதிர்வது) பிறகு அறையிலேயே முடங்கிக் கிடக்கும் கபடி வீரன்: என்ன செய்யலாம்?

கேள்வி (உடற்கல்வி ஆசிரியர்):
எங்கள் கல்லூரி ரைடர் (எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவன்), வயது 20. டேக்கிளில் (எதிரணியினர் மடக்கிப் பிடித்தபோது) தலை கபடி மேட்டில் (தரைவிரிப்பில்) மோதி 12 நாள் ஆகிறது. சி.டி. ஸ்கேன் நார்மல், கன்கஷன் என்றார் டாக்டர். தலைவலி குறைந்துவிட்டது. ஆனால் விடுதி அறையை இருட்டாக்கிப் படுத்தே கிடக்கிறான். எரிந்து விழுகிறான், திடீரென அழுகிறான். "ஸ்கேன்லதான் ஒண்ணுமில்லையே, நடிக்கிறான்" என்கிறார்கள் டீம் பசங்க. எப்படிக் கையாள்வது?

பதில் 1 (பிசியோ):
சார், சி.டி. காட்டுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும்தான். கன்கஷன் அதில் தெரியாது. இதை டீமிடம் நீங்களே சொல்லுங்கள், அவன் இல்லாத நேரத்தில். எரிச்சல், சோகம், பதற்றம் எல்லாம் கன்கஷனை மதிப்பிடும் ஸ்காட்-6 (SCAT6) படிவத்தின் 22 அறிகுறிகளில் உள்ளவைதான்.

முதலில் ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். விளையாட்டுக் கன்கஷன் பற்றிய 2022 ஆம்ஸ்டர்டாம் மாநாட்டுப் பரிந்துரைப்படி ஓய்வு முதல் 24–48 மணி நேரத்துக்குத்தான், அதுவும் முழுப் படுக்கை இல்லை. டாக்டரிடம் கேட்டுவிட்டு 15–20 நிமிட நடையில் தொடங்கலாம். நாடித்துடிப்பு 110-ஐத் தாண்ட வேண்டாம் (220-இல் வயதைக் கழித்து, அதில் 55%). தலைவலி, பத்துப் புள்ளி அளவில், தொடங்கும்போது இருந்ததைவிட இரண்டு புள்ளிக்கு மேல் கூடினால் நிறுத்திவிட்டு மறுநாள் பார்க்கலாம். வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி இருந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவு.

பதில் 2 (மனநல ஆலோசகர்):
"எப்போ வருவே?" என்று யாரும் கேட்க வேண்டாம். "ராத்திரி தூங்கினியா?" போதும். தினமும் ஒரே ஆள், பத்து நிமிடம். பயிற்சி நேரத்தில் ரைடு கணக்கு எழுதும் வேலை கொடுங்கள். விசில் சத்தம் தாங்கவில்லை என்றால் எழுந்து போக அனுமதியோடு. ஸ்போர்ட்ஸ் கோட்டா இடம் போய்விடுமோ என்ற பயம் இருந்தால் வாய்ச்சொல் உதவாது, போகாது என்று முதல்வரிடமிருந்து கடிதமாக வாங்கிக் கொடுங்கள்.

பிஹெச்க்யூ-9 (மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவம்) போட்டால் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். தூக்கம், களைப்பு, கவனக்குறைவு ஆகியவை கன்கஷனாலேயே ஏறும். முதல் இரண்டு கேள்விகளை (ஆர்வமின்மை, சோர்ந்த மனநிலை) கவனியுங்கள். சாவு, தற்காயம் பற்றிய எண்ணங்களைக் கேட்கும் ஒன்பதாவது கேள்விக்கு பூஜ்யம் தவிர எது வந்தாலும், சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். அன்றே மனநல மருத்துவர். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-இல் எந்நேரமும் எடுப்பார்கள்.

கேள்வி கேட்டவர்:
"சரியாயிடுச்சு" என்று பொய் சொல்லிவிட்டு மேட்டுக்கு வந்தால்?

பதில் 1:
வருவான், அறிகுறியைச் சொன்னால் டீமில் இடம் போகும் என்று நினைத்தால். அதனால் அறிகுறிக் கணக்கைத் தேர்வாளர் பார்க்கக்கூடாது. டேக்கிள், மோதல் எல்லாம் அறிகுறி முழுக்க ஓய்ந்து, டாக்டர் எழுத்தில் அனுமதித்த பிறகுதான். நான்கு வாரம் தாண்டியும் நீடித்தால் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.