[உதவி] லேப்டாப் 99 டிகிரி போகுது, கேம் படுத்துடுது

கரிச்சட்டி · இரவு 11:42
லேப்டாப் அடுப்பு மாதிரி கொதிக்குது. கேம் போட்டு 10 நிமிஷம்தான், செகண்டுக்கு 60 ஃப்ரேம்ல ஓடினது 22 எஃப்பிஎஸ்ஸுக்கு விழுந்துடும். கொஞ்ச நேரத்துல ஏறும், மறுபடி விழும். ஃபேன் சத்தம் பக்கத்து ரூமுக்குக் கேக்குது. வாரண்டி முடிஞ்சாச்சு. வீட்டிலேயே சரி பண்ண வழி இருக்கா? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க.

தூசிதட்டி · 11:50
தூசிதான், வேற எதையும் யோசிக்காதீங்க. ஃபேனுக்கும் சூட்டை வெளியேத்தற காப்பர் ஃபின்னுக்கும் (மெல்லிசான தகடு வரிசை) நடுவுல கம்பளித் துண்டு மாதிரி ஒரு பட்டை படிஞ்சிருக்கும். அது ஃபின்னோட உள்பக்கம், அதனால வெளியில இருந்து டார்ச் அடிச்சாலும் தெரியாது. பின்மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழட்டறது. அப்புறம் ஃபேனையே தனியா எடுத்துடுங்க, பெரும்பாலும் 2, 3 ஸ்க்ரூதான். பட்டையை ப்ரஷ்ஷால வழிச்சு எடுங்க. ஃபேனைக் கழட்டாம ஊதறதா இருந்தா இறக்கையை ஒரு பல்குச்சியால அழுத்திப் பிடிச்சுக்கணும். வீட்டு ப்ளோயர் வேகத்துக்குச் சுத்த விட்டா பேரிங் போயிடும்.

பழையரேம் · 11:58
சிபியு என்னன்னு இல்லை, ஜிபியு என்னன்னு இல்லை, என்ன கேம்னு இல்லை. "அடுப்பு மாதிரி"ங்கறது எந்த யூனிட்? விறகடுப்பா, இண்டக்‌ஷனா? வாரத்துக்கு 3 பேர் இதே கேள்வியோட வர்றாங்க, ஒருத்தரும் பழைய இழையைப் படிக்கறதில்லை.

நெல்லை_பிக்ஸல் · நள்ளிரவு 12:06
அவர் சொன்ன விதத்தை விடுங்க, கேட்டது நியாயம். இதெல்லாம் போடுங்க: சிபியு, ஜிபியு, கேம், லேப்டாப்பை எங்க வச்சு ஆடறீங்க, இதுக்கு முன்னாடி யாராவது திறந்திருக்காங்களா.

கரிச்சட்டி · 12:15
சாரி. ஐ7 12700எச், ஆர்டிஎக்ஸ் 3060, 16 ஜிபி. 2022ல வாங்கினது. சைபர்பங்க். மேசை மேலதான், ஏசி இல்லை. தூசி இருக்காது, க்ளீன் பண்ணினதுதான்.

14கோர் · 12:19
அண்டர்வோல்ட் பண்ணுங்க தல, அதாவது சிபியுவுக்குப் போற வோல்டேஜைக் குறைக்கறது. த்ராட்டில்ஸ்டாப் சாஃப்ட்வேர் போட்டு மைனஸ் 80 மில்லிவோல்ட். 8 டிகிரியாவது இறங்கும்.

பழையரேம் · 12:24
12700எச்ல அண்டர்வோல்டா? 2019ல ப்ளண்டர்வோல்ட்ங்கற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு முக்கால்வாசி லேப்டாப் கம்பெனிக்காரங்க பயாஸ்லயே அதைப் பூட்டிட்டாங்க. அவர் திறந்து பார்த்தா "லாக்ட்"னுதான் காட்டும். எச்எக்ஸ்னு முடியற சிப்னா வேற கதை.

14கோர் · 12:27
சரி, பூட்டியே இருக்கட்டும். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ல மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்டை 99% ஆக்கினா டர்போ (சிப் தானா வேகத்தைக் கூட்டிக்கறது) நின்னுடும். செலவில்லாத வழி.

நெல்லை_பிக்ஸல் · 12:33
டர்போ நின்னா பி-கோர், அதான் சிபியுவோட வேகமான கோர், 2.3 கிகாஹெர்ட்ஸ்ல நிக்கும். 4.7 வரைக்கும் போற சிப். சைபர்பங்க்ல கூட்டமான தெருவுக்குள்ள போனதும் சிபியுதான் மூச்சு வாங்கும். அதுக்கு பிஎல்1 (நீண்ட நேரத்துக்கு) 45, பிஎல்2 (கொஞ்ச நேரத்துக்கு) 60ன்னு வாட்டுக்கு வரம்பு வைக்கறது மேல்.

14கோர் · 12:36
3060க்கு 2.3 தாராளம்.

நெல்லை_பிக்ஸல் · 12:38
சராசரி எஃப்பிஎஸ் பாத்தா தாராளம்தான். திடீர்னு வெட்டி வெட்டி ஓடுமே, அது சராசரியில தெரியாது.

வெயில்மனிதன் · காலை 6:50
ரூம் சூட்டை யாரும் கணக்குல எடுக்கலையே? 24 டிகிரி ஏசி ரூமுக்கும் 35 டிகிரி ரூமுக்கும் உள்ள 11 டிகிரி வித்தியாசம் அப்படியே சிப்புல ஏறும். லேப்டாப்போட பின்பக்கத்துக்கு அடியில ரெண்டு தண்ணி பாட்டில் மூடியை வைங்க, அடியில காத்து போக வழி கிடைக்கும். கூலிங் பேட் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிப் பாருங்க.

நெல்லை_பிக்ஸல் · 7:20
பாட்டில் மூடியை வைக்கறது நல்ல யோசனை. ஆனா ஒண்ணு. சிப் 99லயே ஒட்டிக்கிட்டு நிக்கறப்ப டெம்பரேச்சரைப் பாக்கறதுல பிரயோஜனம் இல்லை. 100தான் அதோட எல்லை, அதைத் தாண்டாம தானே வாட்டைக் குறைச்சுக்கும். ரூமைக் குளிர வச்சாலும் 99தான் காட்டும், வாட் மட்டும் கூடும். அதனால கரிச்சட்டி, வாட்டைப் பாக்கணும். சூடு, வாட் எல்லாம் காட்டற எச்டபிள்யூஇன்ஃபோவை சென்சார் மட்டும் மோடுல திறந்து வச்சுக்கிட்டு, சிபியுவை முழுசா உழைக்க வைக்கற சினிபென்ச் ஆர்23 டெஸ்டை 10 நிமிஷம் ஓட்டுங்க. சிபியு பேக்கேஜ் பவர் (சிப் மொத்தமா இழுக்கற வாட்), ஒவ்வொரு பி-கோர் சூடும் தனித்தனியா வேணும். அப்புறம் கேம்ல ஜிபியு டெம்பரேச்சர், ஹாட்ஸ்பாட் (அதுலயே ரொம்ப சூடான இடம்) ரெண்டும்.

கரிச்சட்டி · மாலை 7:41
சினிபென்ச்: 48 வாட். பி-கோர் 99, 99, 97, 88, 81, 78. கேம்ல ஜிபியு 82, ஹாட்ஸ்பாட் 101.

நெல்லை_பிக்ஸல் · 7:55
இது தூசி இல்லை. தூசி அடைச்சிருந்தா 6 கோரும் சேர்ந்து சூடாகும். உங்களுக்கு ஒரு ஓரம் 99, மறு ஓரம் 78. ஒரே சிப்புக்குள்ள 21 டிகிரி. ஹீட்சிங்க் (சிப் மேல உக்கார்ற உலோகத் தகடு) சரிஞ்சு உக்காந்திருக்கு, இல்லைன்னா அந்தப் பக்கம் சூட்டைக் கடத்தற பேஸ்ட் வழிஞ்சு போயிருக்கு. ஜிபியுலயும் ஹாட்ஸ்பாட் 19 டிகிரி மேல நிக்குது, 10லிருந்து 15க்குள்ள இருக்கணும். ஜிபியு சும்மா இருக்கறப்பவும் 48 வாட்டைத் தாங்கலைன்னா தகடு சிப்பைச் சரியாத் தொடலை. "க்ளீன் பண்ணினதுதான்"னீங்களே, பண்ணினது யாரு?

கரிச்சட்டி · 8:10
ஒரு கடையில. 3 மாசம் முன்னாடி. பேஸ்ட், சூடு கடத்தற ரப்பர் மாதிரி பேட் எல்லாம் புதுசா மாத்தித் தந்தாங்க. அதுக்கு அப்புறம்தான் இப்படி ஆச்சு.

பழையரேம் · 8:12
இதை முதல் வரியில எழுதியிருந்தா நேத்து ராத்திரியே தூங்கியிருக்கலாம்.

நெல்லை_பிக்ஸல் · 8:31
அப்போ பேட் தடிமன்தான் முதல் சந்தேகம். 3060 லேப்டாப்புல ஜிபியுவைச் சுத்தி 6 மெமரி சிப் இருக்கும், கூட மாஸ்ஃபெட், சோக்னு பவர் பார்ட்ஸ் எல்லாம். இது எல்லாத்து மேலயும் பேட் வரும். 1 மிமீ இருந்த இடத்துல கெட்டியான 1.5 மிமீ வச்சா அது அமுங்காது, தகட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கும். சிபியுவுக்கும் ஜிபியுவுக்கும் சூட்டைக் கொண்டுபோற ஒரே ஹீட்பைப் ஓடறதால ஒரு பக்கம் தூக்கினா மறுபக்கமும் சரியும்.

திறக்கறப்ப: 5 நிமிஷம் ஓட்டிச் சூடாக்கி ஆஃப் பண்ணுங்க, பேஸ்ட் இளகும். பேட்டரியைக் கழட்டுங்க. ஹீட்சிங்க் ஸ்க்ரூ பக்கத்துல எண் அச்சடிச்சிருக்கும். கடைசி எண்ல இருந்து பின்னாடியே வந்து, ஒவ்வொண்ணையும் அரைச் சுத்து, அரைச் சுத்தா தளர்த்தணும். தகட்டைத் தூக்கினதும் துடைச்சுடாதீங்க! முதல்ல போட்டோ எடுங்க. 78 காட்டின பக்கம் பேஸ்ட் மெல்லிசா, அடியில சிப் தெரியற அளவுக்கு இருக்கும். 99 காட்டின பக்கம் தடியா, வச்சது வச்சபடி இருக்கும். அந்தத் தடமே காட்டிக் கொடுத்துடும். மெமரி பேட்ல சிப்போட முத்திரை எவ்வளவு ஆழமா பதிஞ்சிருக்குன்னும் பாருங்க.

சரியான தடிமன் தெரியலைன்னா பசங்க விளையாடற களிமண்ணை மெமரி சிப் மேல துளி வச்சு, நடுவுல க்ளிங் ஃபிலிம் போட்டு, பேட், பேஸ்ட் எதுவும் இல்லாம தகட்டை இறுக்கிட்டு எடுங்க. நசுங்கின களிமண்ணை வெர்னியர்ல அளந்தா இடைவெளி கிடைச்சுடும். பேட் அதைவிட லேசா கூடுதலா, மெத்துன்னு இருக்கணும்.

தூசிதட்டி · 8:40
துடைக்க 99% ஐசோப்ரொபைல் ஆல்கஹால். சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், சிலதுல விளக்கெண்ணெய் கலந்திருக்கும். பேஸ்ட் நடுவுல ஒரு அரிசி அளவு போதும்.

பழையரேம் · 8:44
அரிசி அளவெல்லாம் மூடி போட்ட டெஸ்க்டாப் சிப்புக்கு. லேப்டாப்புல சிலிக்கனே வெளியில இருக்கு, அதுவும் நீளவாக்குல. ஓரம் விட்டுப்போனா அந்த ஓரத்துக் கோர் வேகும். முழுசா மெல்லிசா தடவணும்.

தூசிதட்டி · 8:47
இறுக்கினா தானே பரவும் சார்.

பழையரேம் · 8:49
பரவும்னு நம்பித்தான் பாதிப் பேர் இங்க வர்றாங்க.

14கோர் · 9:02
பேஸ்ட்டே வேண்டாம், பிடிஎம்7950 ஷீட் போடுங்க. 45 டிகிரி வாக்குல இளகி சந்து பொந்தெல்லாம் நிரம்பிடும், ஆறினா இறுகிடும். தண்ணியா இருக்கற பேஸ்ட் மாதிரி மாசக் கணக்குல ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டுப் போகாது. ஃப்ரிட்ஜ்ல 15 நிமிஷம் வச்சு உரிச்சாத்தான் ஃபிலிம் சுத்தமா வரும், இல்லைன்னா கிழியும். போட்ட உடனே ரிசல்ட் பாக்காதீங்க, ரெண்டு மூணு தடவை சூடாகி ஆறணும். லிக்விட் மெட்டல் பக்கம் போயிடாதீங்க. காலியம் அலுமினியத்தைத் தின்னுடும், ஒரு துளி போர்டுல சிந்தினா ஷார்ட்.

வெயில்மனிதன் · 9:10
பிடிஎம்ல போலி நிறைய சுத்துதே?

14கோர் · 9:13
அதான் விலை பாத்து வாங்கணும்ங்கறது. ஷீட் வேற, தடவற பேஸ்ட் வடிவம் வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

பழையரேம் · 9:15
ராத்திரி 99% வச்சு டர்போவையே அணைக்கச் சொன்னவர் இப்ப ஷீட் விலை பேசறார்.

14கோர் · 9:17
ஆரம்பிச்சுட்டீங்களா.

கரிச்சட்டி · 4 நாள் கழிச்சு, இரவு 10:05
பேட்தான். எல்லாத்துக்கும் 1.5 போட்டிருந்தாங்க, கட்டை மாதிரி இருந்தது. நீங்க சொன்ன தடம் அப்படியே இருந்தது. மெமரிக்கு மெத்துன்னு 1 மிமீ, சிப்புக்கு பிடிஎம். இப்ப சினிபென்ச் 68 வாட்ல 87, கோர் வித்தியாசம் 7. ஹாட்ஸ்பாட் 11தான் மேல. நன்றி.

வெயில்மனிதன் · 10:30
மாஸ்ஃபெட் மேலயும் 1 மிமீதானா? போட்டோ இருந்தா போடுங்க, என்கிட்டயும் இதே சிப்தான்.

வெயில்மனிதன் · 2 நாள் கழிச்சு
கரிச்சட்டி, இருக்கீங்களா?