கோடை வந்தால் சாவிக்கொத்து கனக்கும்: ஆலயப் பொறுப்பில் இருப்பவர்களின் அனுபவங்கள்

சாவிக்கொத்து (சஃபோக், இங்கிலாந்து)

இங்கே எழுதுபவர்களில் சிலர் கிறிஸ்தவ ஆலயப் பொறுப்புகளில் இருப்பது தெரியும். கோடையில் உங்களுக்கு நேரும் கூத்துகளை எழுதுங்கள். என்னுடையதை முதலில் கொட்டிவிடுகிறேன்.

பாளையங்கோட்டையில் பிறந்து, மென்பொருள் வேலைக்காக இந்தப் பக்கம் வந்தவன் நான். முப்பது வயது ஆகவில்லை. சிக்கிமுக்கிக் கல் சில்லுகள் பதித்த பழைய கிராமத்து ஆலயம் ஒன்றில் சர்ச் வார்டனாக, அதாவது ஆலயத்தின் சம்பளமில்லாத நிர்வாகியாக, இருக்கிறேன். பதவி எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். தலையில் வந்து விழுந்தது. இங்கிலாந்துத் திருச்சபையில் ஒவ்வொரு சேகரத்துக்கும் (ஊர்ச் சபைக்கும்) இரண்டு வார்டன்கள். ஆண்டுதோறும் மே மாதம் முடிவதற்குள் ஊர்க் கூட்டம் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். சபையார் மட்டுமல்ல, ஊர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள யாரும் வந்து வாக்களிக்கலாம். கடவுள் உண்டா இல்லையா என்று இன்னும் முடிவு செய்யாத என் பக்கத்து வீட்டுக்காரரும் எனக்காகக் கை தூக்கினார். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது சட்டம். எழுபது நிரம்பியிருக்க வேண்டும் என்பது ஊரின் எண்ணம். அதனால் ஆலயத்துக்கு வரும் பாதிப் பேர் என்னிடமே "வார்டன் எங்கே?" என்று கேட்கிறார்கள்.

அதிகாரம் என்னவோ பெரிதுதான். ஆலயத்தின் வெள்ளிப் பாத்திரம், நாற்காலி, விளக்கு என்று அசையும் பொருள் எல்லாம் சட்டப்படி வார்டன்களின் பொறுப்பு. ஊர்வலத்தில் பிடிக்க ஆளுக்கொரு கோல் உண்டு. ஒன்றின் தலையில் பேராயரின் முடி, மற்றொன்றில் அரசரின் கிரீடம். 1860ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஆராதனையைக் குலைப்பவரைப் பிடித்து வைக்கும் உரிமையையும் வார்டனுக்குக் கொடுத்திருக்கிறது. திருமணப் புகைப்படக்காரர் பீடத்துக்குப் பின்னால் ஏறி நிற்கும் சனிக்கிழமைகளில் அந்தச் சட்டம் எனக்கு நினைவுக்கு வரும். ஆனால் நீண்ட இருக்கை ஒன்றை இடம் மாற்ற வேண்டும் என்றால் திருமண்டலத்திடம் (பேராயரின் நிர்வாகத்திடம்) விண்ணப்பம், படம், விளக்கம், காத்திருப்பு. ஆளைப் பிடிக்கலாம், பெஞ்சைத் தொடக் கூடாது.

கோடையில் காலை வேலை என்பது வௌவால் எச்சம் பெருக்குவது. புதிதாக வந்தவர்கள் எலிப் புழுக்கை என்று நினைத்துப் பதறுவார்கள். விரலிடையில் வைத்து அழுத்திப் பாருங்கள். வௌவாலுடையது பொடிப்பொடியாக உதிரும்; வெளிச்சத்தில் பிடித்தால் பூச்சிச் சிறகின் மினுமினுப்புத் தெரியும். எலியுடையது உதிராது. எச்சத்தையாவது பெருக்கிவிடலாம், சிறுநீர்தான் வில்லன். நடுக்கூடத்துத் தரையில் பதித்த பழைய பித்தளைத் தகட்டில் ஒரு பெருமாட்டியின் உருவம் இருக்கிறது; அவர் முகமெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பொட்டுப் பொட்டாக அரித்துவிட்டது. இந்த நாட்டில் எல்லா வௌவால்களும் 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. விரட்டக் கூடாது, அவை நுழையும் ஓட்டையை அடைக்கக் கூடாது. ஜூனில் குட்டி போடும். தாய்களும் குட்டிகளுமாகக் கூரை முழுக்கக் குடும்பம் நடக்கும் காலத்தில்தான் திருமணங்களும் வரிசையாக வரும். சனிக்கிழமை காலையில் பீடத்தின் மேல் போட்ட பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து உதறுபவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது கல்லறைத் தோட்டம். அங்கே பிளாஸ்டிக் பூ, சூரிய ஒளி விளக்கு, வண்ணக் கல், காற்றாடி எதுவும் வைக்கக் கூடாது என்று விதித்தாள் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டியவன் வார்டன். சென்ற கோடையில், மகனை இழந்த ஒரு தாய் கல்லறையின் தலைமாட்டில் காற்றாடி ஒன்றைச் செருகிக்கொண்டிருந்தார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு போன நான், அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, தண்ணீர்க்குழாய் எந்தப் பக்கம் என்று காட்டிவிட்டு வந்தேன். சபைக் குழுவில் பேச்சு வந்தது. புல் வெட்டுபவருக்கு இடைஞ்சல் என்றார்கள். புல் வெட்டுபவன் நான்தான்.

இனி என் பைத்தியம். சட்டைப் பையில் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று எப்போதும் இருக்கும். கல்லறைக் கற்களில் வளரும் லைக்கன்களைப் (பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிர்களை) பார்ப்பதற்கு. நம் வீட்டுக் கறிக்குழம்பில் போடும் கல்பாசியும் லைக்கன்தான் என்று சொன்னால் இங்குள்ளவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். பாறையே இல்லாத இந்தச் சமவெளியில் அவற்றுக்குப் பழைய கல்லறைக் கல்தான் மலை. பிரிட்டனில் உள்ள ஏறக்குறைய 2000 வகைகளில் 700க்கும் மேற்பட்டவை இந்த ஆலய வளாகங்களில் காணப்பட்டிருக்கின்றன. சுண்ணாம்புக் கல்லில் மஞ்சளும் ஆரஞ்சும், மணற்கல்லில் சாம்பல் நிறம், வடக்குப் பக்கம் ஒரு கூட்டம், தெற்குப் பக்கம் வேறு கூட்டம். பல வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. நூற்றைம்பது ஆண்டு வளர்ந்த வட்டம் ஒன்றைப் பார்த்துக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். எங்கிருந்தோ வந்த வாரிசு ஒருவர் கம்பி பிரஷ்ஷும் பிளீச்சும் கொண்டு வந்து, கல்லைப் பல் விளக்கியதுபோல் வெளுக்க வைத்துவிட்டுப் போய்விட்டார். பெயர் நன்றாகத் தெரிகிறதா என்று என்னையே கேட்டார்! கல்லின் மேல்தோலும் சேர்ந்து உரிந்ததால், இன்னும் சில குளிர்காலம் போனால் அந்தப் பெயரும் இருக்காது.

மூதாதையரைத் தேடி வருபவர்கள் தனிக் கதை. அமெரிக்காவிலிருந்து வந்த தம்பதி, முந்நூறாண்டுப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை அலமாரியிலிருந்து எடுத்துத் தரும்படி கேட்டார்கள். அவ்வளவு பழையவை எல்லாம் எப்போதோ ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டன, இப்ஸ்விச்சுக்குப் போங்கள் என்றேன். நான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்ற பார்வையோடுதான் காரில் ஏறினார்கள்.

மணிக்கயிறு (லெஸ்டர்)

தம்பி, வௌவாலுக்கு வாயில்லை, புகார் எழுதாது. எனக்கு வாய்த்தவர்கள் எழுதுகிறார்கள். நான் வார்டன் இல்லை, மணி அடிக்கும் குழுவைப் பார்த்துக்கொள்பவள். கோடையில் ஊர் முழுக்க ஜன்னல் திறந்திருக்கும். வாரத்துக்கு ஒரு மாலை எங்கள் பயிற்சி. கோபுரத்துக்கு எதிரே புதிதாக வீடு வாங்கியவர், "இந்தச் சத்தத்துக்கு அனுமதி இருக்கிறதா?" என்று மின்னஞ்சல் அனுப்பினார். வீட்டை விற்றவர்கள் கோபுரத்தை மறைத்து வைத்தா காட்டினார்கள்?

அவரை நேரிலேயே மேலே அழைத்துப் போனேன். இங்கே மணி நம் ஊர்போல் ஆடி ஒலிப்பதில்லை. சக்கரத்தில் கட்டிய மணி தலைகீழாக நின்று, முழு வட்டம் சுற்றி மறுபடி நிற்கும். கயிற்றில் கம்பளி சுற்றிய வண்ணப் பகுதியை எந்த நொடியில் பிடிக்கிறோம், எந்த நொடியில் விடுகிறோம் என்பதில்தான் வித்தை. கோபுரத்தில் ஆறு மணிகள் இருந்தால் அவை ஒலிக்கும் வரிசையை 720 விதமாக மாற்றலாம், ஒன்றுகூட இரண்டாம் முறை வராமல். தாளைப் பார்க்காமல் நினைவில் வைத்துத்தான் அடிக்கிறோம் என்றதும் அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அவர் கணக்கு வாத்தியாராம். இப்போது ஐந்தாம் மணி அவருடையது. அவர் மனைவி இன்னும் என்னிடம் பேசுவதில்லை.

கோடைச் சனிக்கிழமைகளில் வெளியூர்க் குழுக்கள் கோபுரம் கோபுரமாகச் சுற்றி வருவார்கள். அப்படி வந்த பையன் ஒருவன் வேகமாக இழுத்து, மணியைத் தாங்கி நிறுத்தும் ஆஷ் மரக்கட்டையை முறித்துவிட்டான். கட்டை முறியத்தான் வேண்டும், முறியாவிட்டால் மணிக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் சேதம்; முறிந்ததும் கயிற்றை விடாவிட்டால் ஆளைத் தூக்கிவிடும். ஆனால் மாற்றுக்கட்டை கையிருப்பில் இருக்கிறதா என்று பார்க்காமல் அவர்களை ஏற விடாதீர்கள்.

மெய்ஞ்ஞானபுரத்தான் (தூத்துக்குடி மாவட்டம்)

வார்டன் என்ற பதவிப் பெயர் எங்கள் பக்கம் அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை. ஆனால் தம்பி எழுதியதில் முக்கால்வாசி எங்கள் கோயில்குட்டியார் (ஆலயப் பணியாளர்) செய்கிற வேலை, மீதி சபைச் செயலாளருடையது. சம்பளம் இல்லாமல் இரண்டையும் ஒருவரே பார்ப்பது என்றால் இங்கே ஒருவனும் வர மாட்டான்.

எங்களுக்குக் கோடை என்பது மே மாதம், விடுமுறை வேதாகமப் பள்ளி. காலையில் பிள்ளைகள் கோயில் நிறைய உட்கார்ந்து, கை தட்டி, பெஞ்சைத் தட்டி, ஆர்மோனியத்தையும் தட்டுவார்கள். எங்கள் கோயில் கோபுரம் 192 அடி. வெளியூர்ப் பிள்ளைகள் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, மேலே ஏறலாமா என்பது. போதகர் ஐயரைக் கேள் என்பார் கோயில்குட்டியார். ஐயர், செயலாளரைக் கேள் என்பார். செயலாளர், கோயில்குட்டியாரிடம் சாவி இருக்கிறது என்பார். மூன்று பேரும் பேசி வைத்துச் செய்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிவதற்குள் விடுமுறை முடிந்துவிடும்.

எனக்குப் பெரிய எரிச்சல் ஒலிபெருக்கிதான். உள்ளே இருநூறு பேர் இருப்பார்கள், சத்தம் உடன்குடி வரைக்கும் கேட்க வேண்டும் என்று ஒருவர் திருகிவிடுவார். வெயிலில் மின்சாரம் போய், எல்லா விசிறியும் நின்று, பிரசங்கம் வெறும் குரலில் தொடரும் நாளில்தான் பிரசங்கம் தெளிவாகக் காதில் விழுகிறது. இதை ஐயரிடம் சொல்ல முடியுமா?

சுண்டிக்குளிப் பெண் (லண்டன்)

நானும் வார்டன்தான், நகரத்து ஆலயம். எங்களிடம் வௌவாலும் இல்லை, லைக்கன் பார்க்க நேரமும் இல்லை. ஈயத்தகட்டுக் கூரை மட்டும் இருக்கிறது, அதுதான் தலைவலி. கோடையில் ஈயத் திருடர்கள் ஒளிரும் மஞ்சள் மேற்சட்டை போட்டுக்கொண்டு பட்டப்பகலில் ஏணி சாத்துவார்கள். பழுதுபார்க்க வந்தவர்கள் என்று தெருவே நினைக்கும். பழைய உலோகத்தை ரொக்கப் பணம் கொடுத்து வாங்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்த பிறகும் கூரைகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. எங்கள் கூரையில் யார் ஏறினாலும் நான் கீழே நின்று பெயரும் அலுவலகத் தொலைபேசி எண்ணும் கேட்பேன். சொந்தக் குழாய்க்காரரே ஒருமுறை கோபித்துக்கொண்டார். கோபிக்கட்டும்.

2022 ஜூலை வெயில் நினைவிருக்கிறதா? லிங்கன்ஷியரில் 40.3 பாகை பதிவானதே, அந்த வாரம். கல் கட்டடம் என்பதால் உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. கதவைத் திறந்து வைத்து, வாசலில் தண்ணீர் வைத்தோம். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர் ஒருவர் உள்ளே வந்து, தலைக்கவசத்தைத் தலையணையாக வைத்துப் பின்வரிசை பெஞ்சில் தூங்கிவிட்டார். அவருடைய சப்பாத்துக் கால், சபைப் பெண்கள் தையல் வேலை செய்த முழங்கால் மெத்தையின் மேல். எங்கள் மூத்த அம்மையார் ஒருவர் என்னைத் தேடி வந்து, "வார்டன் என்று ஒருவர் இருந்தால் இப்படி நடக்குமா?" என்று கேட்டார். நான் போய் மெத்தையை மெதுவாக உருவி எடுத்துவிட்டு, மின்விசிறியை அந்த இளைஞர் பக்கம் திருப்பினேன். அம்மையாருக்குப் பாதி நீதி கிடைத்தது. மீதிப் பாதிக்காக இன்னும் குழுக் கூட்டங்களில் கேட்கிறார்.

தம்பி, வௌவால் விஷயத்தில் ஒன்று. அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து முன்னின்று நடத்திய 'பேட்ஸ் இன் சர்ச்சஸ்' (ஆலயங்களில் வௌவால்கள்) திட்டம் 2023இல் முடிந்துவிட்டது. வௌவால்களைக் கூரையிலேயே இருக்க விட்டு, ஆலயத்துக்குள் இறங்காமல் தடுக்கும் ஏற்பாடுகளைச் சில ஆலயங்களில் செய்து பார்த்தார்கள். அதில் சேர்ந்திருந்த வார்டன் யாரையாவது உங்கள் பக்கத்தில் தேடிப் பிடியுங்கள். நீங்களாக ஆணி ஒன்றும் அடித்துவிடாதீர்கள்.

சாவிக்கொத்து (சஃபோக், இங்கிலாந்து)

அக்கா, நன்றி. பக்கத்துச் சேகரத்தில் ஒருவர் இருக்கிறார், கேட்கிறேன். மணிக்கயிறு அக்கா, அந்தக் கணக்கு வாத்தியாரின் மனைவிக்கு என் அனுதாபத்தைச் சொல்லுங்கள்.

இப்போது வேறு அவசரம். ஆலயத் தோட்டத்தில் கோடைத் திருவிழா வருகிறது: கேக் கடை, சீட்டுக் குலுக்கல், தேநீர், பழைய புத்தகம். சென்ற முறை நான் வைத்த முறுக்குக் கடையில் தேநீர் வருவதற்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. அதனால் இந்த முறை சபைக் குழுவே முறுக்கைத் தீர்மானத்தில் ஏற்றிவிட்டது. கூடவே ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலையும் ஒட்ட வேண்டும் என்றார்கள். சட்டத்தில் உள்ள 14 பொருள்களில் எள் ஒன்று, அதைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டேன். உளுந்து என்றால் என்ன என்று கேட்டுப் பொருளாளர் அனுப்பிய மின்னஞ்சலுக்குத்தான் பதில் எழுத வேண்டும். அண்ணாச்சி, இந்த ஊர் ஈரத்தில் முறுக்கு ஒரே நாளில் நமுத்துப்போகிறது. வழி சொல்லுங்கள்.

மெய்ஞ்ஞானபுரத்தான் (தூத்துக்குடி மாவட்டம்)

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் தம்பி. நன்றாக ஆறிய பிறகுதான் மூட வேண்டுமாம், சூட்டோடு மூடினால் எந்த ஊரிலும் நமுக்கும். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், பழைய பிஸ்கட் டின் நல்லது. மாவில் வெண்ணெயைக் குறைக்கவும் சொல்கிறாள். மழை வந்தால் கடையைக் கோயிலுக்குள் மாற்றிவிடுங்கள். மேசையை உள்ளே கொண்டுபோக யாரிடம் விண்ணப்பம் போட வேண்டுமோ, அது உங்கள் பாடு.