லேட்டரைட்: நிறத்தால் வந்த பெயரா, பயனால் வந்த பெயரா?

பாறைவாணன்:
லத்தீனில் 'லேட்டர்' என்றால் செங்கல். இரும்பு ஆக்சைடு மிகுந்து சிவந்திருக்கும் ஒரு பாறைக்கு 'லேட்டரைட்' என்ற பெயர் அமைந்ததற்கு நிற ஒற்றுமையே காரணம் என்பது என் கருத்து. களத்தில் இதை முதலில் காட்டிக்கொடுப்பதும் நிறம்தான்.

ஆதிரை:
ஏற்க இயலவில்லை. பெயரிட்ட ஸ்காட்லாந்து மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான பிரான்சிஸ் புக்கானனே காரணத்தை எழுதிவைத்திருக்கிறார். மைசூர், கனரா, மலபார் பகுதிகளில் தாம் மேற்கொண்ட பயணத்தைப் பற்றி 1807இல் வெளியிட்ட நூலில், இன்றைய கேரளத்தின் அங்காடிப்புறம் என்ற ஊரில் கண்ட இப்பாறை நிலத்தடியில் இருக்கும்போது இரும்புக் கருவியால் எளிதில் வெட்டும் அளவுக்கு மென்மையாக இருப்பதையும், வெட்டியெடுத்த சிறிது காலத்தில் செங்கல்லைப் போல இறுகி, நீரையும் காற்றையும் செங்கல்லைவிட நன்றாகத் தாங்குவதையும் விவரித்த பிறகே 'லேட்டரைட்' என்ற பெயரை அவர் முன்மொழிகிறார். நம்மை நிறத்தின் பக்கம் இழுப்பது 'செங்கல்' என்ற தமிழ்ச் சொல்தான். லத்தீன் சொல்லில் செம்மை இல்லை. வெயிலில் உலர்த்திய சுடாத கல்லையும் ரோமானியர் 'லேட்டர்' என்றே அழைத்தனர்.

பாறைவாணன்:
அதே விவரிப்பில் சிவப்பு, மஞ்சள் காவிகளும் இடம்பெறுகின்றன. நிறத்தை அவர் பொருட்படுத்தவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

நிலன்:
நிறத்தைக் கண்டு எழுதுவது வேறு, நிறத்தை வைத்துப் பெயரிடுவது வேறு. அதைவிட முக்கியமான வரி ஒன்று அங்கே இருக்கிறது: உள்ளூர் மொழிகள் சிலவற்றில் இதனை 'இட்டிகைக் கல்' என்று அழைப்பதாகப் புக்கானன் குறிப்பிடுகிறார். இட்டிகை என்றால் பழந்தமிழிலும் செங்கல்தான். ஆகவே அவர் செய்தது மக்கள் வழக்கை லத்தீனாக்கியது மட்டுமே. மலையாளத்தின் 'வெட்டுகல்' என்ற பெயரிலும் வெட்டும் தொழில்தான் தெரிகிறது.

பாறைவாணன்:
அப்படியானால் மக்கள் ஏன் இட்டிகைக் கல் என்றார்கள் என்ற கேள்வி எஞ்சுகிறது. அங்கே நிறத்துக்கும் பங்கு இருந்திருக்கலாம். மேலும், வெட்டுவதும் இறுகுவதும் இன்றைய வரையறைக்கு அடிப்படை அல்ல. வெப்பமண்டல மழையில் பாறை சிதைந்து, சிலிக்கா பெருமளவு கரைந்து வெளியேற, இரும்பும் அலுமினியமும் எஞ்சிச் செறிவதையே நிலவியலாளர் இப்பெயரால் குறிக்கின்றனர்.

ஆதிரை:
வரையறை பின்னாளில் நகர்ந்ததால் பெயரின் பிறப்பு மாறிவிடாது. நனைந்து உலர்ந்து மீளாதபடி இறுகும் இத்தகைய மண்பொருளுக்கு மண்ணியலாளர் 'பிளிந்தைட்' என்று தனிப்பெயர் வைத்தபோதும், கிரேக்கத்தில் செங்கல்லைக் குறிக்கும் 'பிளிந்தோஸ்' என்ற சொல்லையே நாடினர். அந்தப் பெயருக்கு அடிப்படை இறுகும் பண்பு, நிறம் அன்று.