மகளின் முன்பல்லில் சூத்தை, யாழ்ப்பாணத்தில் எங்கே காட்டலாம்?

வணக்கம் உறவுகளே, மகளுக்கு இரண்டரை வயது, மேல் முன்பற்களில் முரசை ஒட்டி வெள்ளைக் கோடு விழுந்து, ஒரு பல் மண்ணிறமாகவும் தொடங்கிவிட்டது. சீனி போட்ட பால் போத்தலோடு நித்திரையாவதுதான் காரணமாக இருக்கவேண்டும், நித்திரையில் உமிழ்நீர் குறைவதால் சீனி பல்லிலேயே தங்கி, கிருமிகள் அதை அமிலமாக்கிவிடும். இனி இரவுப் போத்தலில் தண்ணீர் மட்டும்தான், அழுதாலும் சரி. புளோரைட் பற்பசை அரிசியளவு போட்டு இரண்டு நேரமும் நானே தீட்டிவிடுகிறேன். பால்பல் விழத்தானே போகுது என்கிறார் அம்மம்மா, ஆனால் வலி வந்தால் பிள்ளை எப்படிச் சாப்பிடும்?

வெள்ளைக் கோட்டு நிலையில் புளோரைட் வார்னிஷ் பூசினால் சூத்தையை நிறுத்த வாய்ப்பிருக்கிறது. நல்லூர், கோப்பாய்ப் பக்கம் சின்னப் பிள்ளைகளைப் பொறுமையாகப் பார்க்கும் பல் வைத்தியர் யாராவது இருக்கிறார்களா? போதனா வைத்தியசாலை என்றால் எத்தனை மணிக்குப் போய் நம்பர் எடுக்கவேண்டும்? தெரிந்த அம்மாமார் கெதியாகச் சொல்லுங்கோ.