ஆய்வகத்து அனிமல் ஹவுஸில் டெக்னீஷியன் வேலை: சேரலாமா?

கேள்வி: பொதிகைச்சாரல்

அனைவருக்கும் வணக்கம். நான் ஆலங்குளத்தை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். பாளையங்கோட்டையில் விலங்கியல் இளநிலைப் பட்டம் முடித்திருக்கிறேன். நெல்லைக்கு அருகில் உள்ள ஒரு பார்மசி கல்லூரியின் ஆய்வகத்தில் எலி, முயல், கினிப்பன்றி ஆகியவற்றைப் பராமரிக்கும் டெக்னீஷியன் பணிக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறார்கள். வீட்டில் வெள்ளாடு வளர்த்துத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள் என்பதால், கொட்டடி வேலையும் வாடையும் எனக்குப் புதிதல்ல.

ஆனால் எங்கள் ஆச்சிக்கு இதில் மனம் ஒப்பவில்லை. "வாயில்லாச் சீவனுக்குச் சோறு போட்டு வளர்த்து, கடைசியில் நீயே கொல்லணுமா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த வேலையில் அன்றாடம் என்ன செய்ய வேண்டியிருக்கும், விலங்குகளின் முடிவில் டெக்னீஷியனுக்கு எவ்வளவு பங்கு உண்டு, உடம்புக்கு ஏதேனும் கெடுதல் வருமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: வண்ணார்பேட்டை அண்ணாச்சி

தங்கச்சி, நான் பல ஆண்டுகளாக இதே வேலையில் இருப்பவன். கூண்டு கழுவுவதும் தீவனம் போடுவதும்தான் இந்த வேலை என்று வெளியில் பேசிக்கொள்வார்கள். அவை வேலையின் ஒரு பகுதிதான். உண்மையான வேலை பார்ப்பது. காலையில் கதவைத் திறந்ததும் எதையும் தொடாமல் சற்று நேரம் நின்று, அறையின் வாடையையும் சத்தத்தையும் கவனிக்க வேண்டும். மூக்கில் அமோனியா நெடி ஏறினால், கூண்டில் பரப்பியிருக்கும் உமியை மாற்றும் நாள் வரவில்லை என்றாலும் அன்றே மாற்றிவிட வேண்டும். நின்றுகொண்டிருக்கும் நமக்கே நெடி தெரிகிறது என்றால், உமியோடு முகம் வைத்துக் கிடக்கும் எலிக்கு அது இன்னும் கடுமையாக இருக்கும்.

அடுத்தது தண்ணீர் பாட்டில். பாட்டில் நிறைந்திருக்கிறது என்பதை வைத்து எலி தண்ணீர் குடிக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. எஃகுக் குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் ஒரு சொட்டுக்கூட இறங்காது. நேற்று இருந்த அளவே இன்றும் இருந்தால் அந்தக் கூண்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குழாய் நுனியை விரலால் தட்டி, சொட்டு விழுவதைக் கண்ணால் கண்ட பிறகே அடுத்த கூண்டுக்குப் போக வேண்டும். இதற்கு நேர்மாறாக, உமி மேடாகிக் குழாயைத் தொட்டுவிட்டால் இரவோடு இரவாகப் பாட்டில் முழுவதும் ஒழுகிக் கூண்டு நனைந்துவிடும். குட்டி ஈன்ற தாய் இருக்கும் கூண்டில் இப்படி நடந்தால், ரோமம் இல்லாத குட்டிகள் குளிரில் விறைத்துப் போகும்.

பிறகு விலங்கின் முகத்தைப் பார்க்க வேண்டும். எலியின் கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாக ஏதோ உலர்ந்து ஒட்டியிருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் இரத்தம் என்று பதறுவார்கள். அது இரத்தம் அன்று. கண்ணுக்குப் பின்னால் உள்ள ஹார்டேரியன் சுரப்பியிலிருந்து வரும் போர்ஃபிரின் என்ற நிறமி. நலமாக உள்ள எலி தன் முகத்தைத் தானே துடைத்துக்கொள்ளும் என்பதால் அது நம் கண்ணில் அதிகம் படுவதில்லை. நோயோ வலியோ மன அழுத்தமோ வந்து, முகம் துடைப்பதையே எலி நிறுத்திவிட்டால்தான் அது தேங்கித் தெரியும். ரோமம் சிலிர்த்திருப்பது, முதுகு கூனியிருப்பது, கூட்டத்தை விட்டு மூலையில் ஒதுங்கியிருப்பது ஆகியவற்றையும் இப்படியே படிக்க வேண்டும். ஆராய்ச்சி மாணவர் வாரத்தில் ஓரிரு நாள் வந்து எடை பார்த்துவிட்டுப் போய்விடுவார். நாள்தோறும் அந்த உயிரைப் பார்ப்பது நாம்தான். நாம் கவனிக்கத் தவறினால் விலங்கு துன்பப்படும். அந்த ஆய்வின் முடிவும் பிழையாகிவிடும்.

முயலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்ப்பக்கம் முயலைக் காதைப் பிடித்துத் தூக்குவார்கள். அந்தப் பழக்கத்தை வாசலோடு விட்டுவிடுங்கள். பிடரித் தோலை ஒரு கையால் பிடித்து, மறுகையால் பின்பகுதியைத் தாங்க வேண்டும். தாங்கல் இல்லாமல் பின்னங்கால்களை வேகமாக உதறினால் முயல் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். கினிப்பன்றியின் உடல் வைட்டமின் சி-யைத் தானாகத் தயாரிக்காது. ஆகவே எலித் தீவனத்தையே அதற்கும் போட்டுச் சமாளிக்க முடியாது.

நம் வெயிலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வழிகாட்டு நெறிகளின்படி அறை வெப்பம் 18 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரையும், ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதம் வரையும் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மின்சாரம் போய் ஏசி நின்றுவிட்டால், மூடிய அறை சிறிது நேரத்திலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடும். எலிக்கு நம்மைப் போல வியர்வை இல்லை. சூட்டின் ஒரு பகுதியை வாலின் வழியாக வெளியேற்றும். எனவே ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று பார்ப்பதும் நம் கடமையில் சேர்ந்ததே. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தில் நெல்லைச் சந்திப்பும் வண்ணார்பேட்டையும் தண்ணீரில் நின்றபோது, முறை மாற்ற வேண்டியவர்கள் வர வழியில்லாமல் போயிற்று. உள்ளே இருந்தவர்கள் அடித்தட்டுக் கூண்டுகளை மேலே ஏற்றி, சேமித்து வைத்திருந்த குடிநீரைப் பாட்டில்களில் நிரப்பி, மின்சாரம் இல்லாமலே விலங்குகளைக் காப்பாற்றினோம். பொங்கலானாலும் தீபாவளியானாலும் யாராவது ஒருவர் வந்தே ஆக வேண்டிய வேலை இது. வீட்டாரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

பதில்: கால்நடை மருத்துவர், தென்காசி

உங்கள் ஆச்சியின் கேள்வி நியாயமானது. அதை மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டும். ஆம், பெரும்பாலான எலிகள் ஆய்வின் முடிவில் கொல்லப்படுகின்றன. பயிற்சி பெற்ற டெக்னீஷியன் அதைச் செய்யவோ, உடனிருந்து உதவவோ நேரிடும்.

அதற்கு முன் ஒரு வேலி இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட ஒன்றிய அரசின் குழுவில் ஆய்வுக்கூடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒவ்வொரு ஆய்வுத் திட்டத்தையும் படித்து, இத்தனை விலங்குகள் எதற்காகத் தேவை, வேறு வழியில் செய்ய முடியாதா என்று கேட்ட பிறகே அனுமதி தரும். அந்தக் குழுவில் கால்நடை மருத்துவரும், ஒன்றியக் குழு நியமிக்கும் வெளி உறுப்பினர்களும் இருப்பார்கள். 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய அறிவியலாளர்கள் முன்வைத்த மூன்று கோட்பாடுகளே இதற்கு அடிப்படை: விலங்கின்றி முடியுமானால் மாற்று வழியை நாடுவது, எண்ணிக்கையைக் குறைப்பது, வேதனையைத் தணிப்பது. மூன்றாவது கோட்பாடு அன்றாடம் நிறைவேறுவது டெக்னீஷியனின் கையில்தான்.

உயிரை முடிக்கும் முறைக்கும் விதி உண்டு. கரியமில வாயுவைப் பயன்படுத்தும்போது, முன்பே வாயு நிரம்பிய பெட்டிக்குள் எலியை இறக்கக் கூடாது. பெட்டியின் கொள்ளளவில் நிமிடத்துக்கு 30 முதல் 70 சதவீதம் என்ற அளவில் படிப்படியாகச் செலுத்தினால், வலி உறைக்கும் முன்பே எலி நினைவிழக்க வாய்ப்பு அதிகம். பச்சிளம் குட்டிகள் ஆக்சிஜன் குறைவைத் தாங்கக் கூடியவை என்பதால் அவற்றுக்கு இந்த முறையை மட்டும் நம்பக் கூடாது. மற்ற விலங்குகள் இருக்கும் அறையில் இதைச் செய்வதைத் தவிர்க்க வேண்டும். இறந்ததை உறுதிப்படுத்தாமல் அப்புறப்படுத்தவும் கூடாது.

இன்னொன்றையும் ஆச்சியிடம் சொல்லுங்கள். ஒரு விலங்கு தாங்க முடியாத வேதனையில் இருந்தால், ஆய்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. எடை எவ்வளவு குறைந்தால், எந்த அறிகுறி தெரிந்தால் அந்த விலங்கை ஆய்விலிருந்து விடுவிக்க வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும். அந்த எல்லை வந்துவிட்டது என்று முதலில் அறிந்து, மருத்துவரிடம் சொல்லும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். இரக்கம் உள்ளவர்கள் இந்த வேலைக்கு வராமல் ஒதுங்கிக்கொண்டால் அந்த இடத்தில் யார் நிற்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

பதில்: மேலப்பாளையம் அக்கா

உடம்பைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். எலியின் சிறுநீரில் உள்ள புரதம் உமித்தூசியோடு காற்றில் கலந்து, சிலருக்குத் தும்மலில் தொடங்கி மூச்சிரைப்பு வரை கொண்டுபோய் விடும். பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளுக்குள்ளேயே இது தலைகாட்டும். கூண்டைத் தட்டிக் கொட்டும் நேரத்தில்தான் தூசி அதிகம் பறக்கும். அப்போது துணி மாஸ்க் போதாது, முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 மாஸ்க் வேண்டும். வேலை உடுப்பை அங்கேயே மாற்றிவிட்டு வர வேண்டும். வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. டெட்டனஸ் தடுப்பூசியைச் சேரும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

நான் முன்பு இருந்த ஓர் ஆய்வகத்தில், மாஸ்க் கேட்டால் செலவுக் கணக்குப் பார்த்தார்கள். விடுமுறை நாளில் வந்து பார்த்ததற்குச் சம்பளமும் தரவில்லை. இவற்றை வெட்கப்படாமல் முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பொதிகைச்சாரல்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மருத்துவர் ஐயா எழுதியதை ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ நோவுன்னு தெரிஞ்சா நீ வாயைத் திறந்து சொல்லுவியா?" என்று மட்டும் கேட்டார், சொல்வேன் என்றேன். அண்ணாச்சி, நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அந்த இடம் நல்ல இடம்தானா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

வண்ணார்பேட்டை அண்ணாச்சி

கூடத்தைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள், தங்கச்சி. வெப்பநிலைப் பதிவேட்டில் ஞாயிற்றுக்கிழமைகளின் பக்கத்தைப் புரட்டுங்கள். நாள் தவறாமல், ஆனால் நாளுக்கு நாள் சற்று வேறுபட்ட எண்கள் இருந்தால், யாரோ உண்மையாகவே வந்து பார்த்திருக்கிறார்கள். மாதம் முழுவதும் ஒரே மையில் ஒரே எண் இருந்தால் மொத்தமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று அறிந்துகொள்ளலாம். புதிதாக வரும் விலங்குகளைக் குறைந்தது ஒரு வாரம் தனித்து வைக்க வேறு அறை இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் ஒரு விலங்குக்கு ஆபத்து என்றால் எந்த மருத்துவரை அழைப்பீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பெயரும் தொலைபேசி எண்ணும் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். பதிவேட்டைக் காட்டத் தயங்கினால் அந்த வேலை வேண்டாம். காட்டினால், ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நடத்தி வந்திருக்கும் ஆய்வக விலங்கு டெக்னீஷியன் பயிற்சி போன்ற ஒன்றுக்கு அனுப்புவார்களா என்பதையும் கேட்டுவிட்டுச் சேருங்கள்.